53 பேர் டேட்டாவோடு வைவாவுக்குப் போகிறவர்களுக்கு

எம்.எஸ்சி. புள்ளியியலில் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஆம்/இல்லை என்ற விளைவின் வாய்ப்பைக் கணிக்கும் முறை) ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்தது, ஆர் மென்பொருளின் பூட் தொகுப்பில் இருக்கும் 'நோடல்' டேட்டா. புராஸ்டேட் புற்றுநோய் வந்த 53 பேர். அறுவை சிகிச்சையில் நிணநீர்க் கணுக்களைப் பார்த்தபோது 20 பேருக்கு அங்கேயும் நோய் பரவியிருந்தது. வயது, விரலால் தொட்டறிந்த கட்டியின் நிலை, ஊசி பயாப்சியின் கிரேடு, எக்ஸ்ரே, ரத்தத்தில் ஆசிட் பாஸ்பட்டேஸ் ஆகிய ஐந்தையும் வைத்து, கத்தி வைக்கும் முன்பே பரவலைச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. (பிற்பாடு பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை வந்து ஆசிட் பாஸ்பட்டேஸை ஓரங்கட்டிவிட்டது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்டால் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.)

ஆரில் எழுத வேண்டிய நிரல் ஒரு வரிதான். அதை ஓட்டுவதற்கு முன் ஒரு பேப்பரில் எக்ஸ்ரே அட்டவணையைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்ரே பாசிட்டிவ் 15 பேரில் 11 பேருக்குப் பரவல். நெகட்டிவ் 38 பேரில் 9 பேருக்கு. ஆட்ஸ் என்பது பரவியவர்களைப் பரவாதவர்களால் வகுப்பது: இங்கே 11/4, அங்கே 9/29. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் ஆட்ஸ் ரேஷியோ கிட்டத்தட்ட 8.9, அதன் லாக் (ln) 2.18. எக்ஸ்ரேயை மட்டும் போட்டு மாடலை ஓட்டினால் குணகமாக, அதாவது எக்ஸ்ரேக்கு மாடல் தரும் எடையாக, அதே 2.18 வந்து நிற்கும். இதைக் கையால் போட்டுக் காட்டினாலே குணகம் என்றால் என்ன என்ற கேள்விக்குப் பாதி பதில் முடிந்தது.

அடுத்து துல்லியம். எல்லாருக்கும் 'பரவவில்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 33 பேருக்குச் சரியாக இருக்கும், அதாவது 62 சதவீதம். ஆகவே உங்கள் மாடலின் சதவீதத்தை இதன் பக்கத்தில் வைத்தே எழுதுங்கள். அதுவும் மாடலைப் பழக்கிய அதே ஆட்களை வைத்துக் கணக்கிட்டதாக இருக்கக் கூடாது. ஒவ்வொருவராக வெளியே வைத்துச் சோதிக்கும் முறைக்கு அதே பூட் தொகுப்பில் சிவி.ஜிஎல்எம் (cv.glm) என்ற கட்டளை இருக்கிறது. மாடல் சொல்லும் வாய்ப்பு எவ்வளவைத் தாண்டினால் 'பரவியது' என்று எடுப்பது என்பதற்கான 0.5 என்ற வெட்டுப்புள்ளியையும் அப்படியே ஏற்காதீர்கள். பரவியவரைத் தவறவிடுவதும், பரவாதவருக்குத் தேவையில்லாமல் அறுவை செய்வதும் ஒரே அளவு தப்பில்லை. எது பெரிது என்று முதலில் ஒரு பத்தி எழுதிவிட்டு, அப்புறம் எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்து மாறிகளுக்கு 20 பரவல் என்றால் தலைக்கு நான்குதான். ஒரு மாறிக்குக் குறைந்தது பத்து வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. இதில் போய் இன்டராக்ஷன் (இரண்டு மாறிகளின் கூட்டு விளைவு) சேர்ப்பதெல்லாம் வேண்டாத வேலை. இவ்வளவு சிறிய டேட்டாவை வைத்து முடிவுரையில் 'மருத்துவமனைகள் இம்மாடலைப் பயன்படுத்தலாம்' என்று எழுதியிருந்தால், பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.