கணவர் கையெழுத்து தேவையில்லை

2015-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாக லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையிலேயே முடிந்தவை.

மாத்திரை கெட்டது இல்லை. முதலில் மிஃபிப்ரிஸ்டோன், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். சரியான வாரத்தில், சரியான அளவில் எடுத்தால் பாதுகாப்பானதுதான். ஆனால் மருந்துக்கடையில் எதுவுமே சொல்லாமல் மாத்திரை அட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்புகிறார்களே, அதுதான் எனக்குப் பயம். கரு, கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுசாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதை அந்தப் பெண்ணிடம் யார் சொல்வது?

சரி, ஏன் முதலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை? "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்ற பேச்சுக்குப் பயந்தே பலர் போவதில்லை. 1971-ம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். சட்டம் சொல்லும் சூழ்நிலைகளில் 24 வாரம் வரை கலைக்கும் உரிமை திருமணமாகாதவர்களுக்கும் உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்புறமும் கணவர் கையெழுத்து கேட்டால், எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று தைரியமாகக் கேளுங்கள்.