வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

ஜூலை 4, வெள்ளி

மன்றங்கள் தொடங்கியாச்சு. அறிவியல் மன்றத்துக்கு எதிரே இந்த வருடமும் என் பெயர்தான். புதிதாக ஒன்று: இலக்கிய மன்றம் கூடும் அறையில் மராமத்து வேலை நடப்பதால், லேபின் பின்பாதியை அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார் எச்.எம். முன்னால் நாங்கள், பின்னால் தமிழ் ஐயாவும் அவருடைய பேச்சாளர்களும்.

பொதுவாக மன்றம் என்றால் என்ன நடக்கிறது? இலக்கிய மன்றம் என்றால் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, விழாவுக்கு வரவேற்புரை சொல்ல ஆள் பிடிப்பது. அறிவியல் மன்றம் என்றால் கண்காட்சிக்குத் தெர்மோகோல் வெட்டுவது, சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி எரிமலை விடுவது. எரிமலை மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, ஆனால் ஊற்றுவதற்கு முன்பே என்ன ஆகும் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும் என்றால் அது சோதனை இல்லை, வேடிக்கை.

ஜூலை 11, வெள்ளி

தனி ஊசல். நூலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை 25 செ.மீ. வைத்தால் ஓர் அலைவுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி, 20 அலைவுக்கு 20 விநாடி வர வேண்டும். எல்லாக் குழுவுக்கும் 19தான் வந்தது. நூலை மாற்றினார்கள், ஸ்டாப்வாட்சைத் திட்டினார்கள், ஒருவன் மின்விசிறிக் காற்றுதான் காரணம் என்று போய் அணைத்துவிட்டு வந்தான், அப்போதும் 19. நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பின்பாதியிலிருந்து, கையில் பேச்சுத் தாளோடு இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மிஸ், குண்டை விடும்போதே ஒன்றுன்னு எண்றாங்க, அது இன்னும் ஒரு தடவைகூட ஆடலையே" என்றாள். அவ்வளவுதான். சுழியத்திலிருந்து எண்ணினார்கள், சரியாகிவிட்டது.

அப்புறம் நூலை ஒரு மீட்டர் ஆக்கினோம். நீளம் நான்கு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த ஐயா கேட்டார்: "டீச்சர், குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று வருடாவருடம் சொல்லிக்கொடுக்கிறேன். அதை அளக்க முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று யோசிக்க ஒரு வாரம் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

முதலில் மாத்திரை. தொல்காப்பியம் அதற்குச் சொல்லும் அளவு கண்ணிமைப்பதும் கைநொடிப்பதும். சொன்ன உடனே எங்கள் பக்கத்திலிருந்து கேள்வி: "யாரோட கண் ஐயா?" இந்தக் கேள்விக்காகவே மன்றம் நடத்தலாம்.

என் போனில் விநாடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது, ஒரு பிரேம் என்பது சுமார் 4 மில்லி விநாடி. இமை இறங்கத் தொடங்குவதிலிருந்து முழுக்கத் திறக்கும் வரை பிரேம்களை எண்ண வேண்டும். "இப்போ இமை" என்று சொன்னால் நாடகத்தில் நடிப்பதுபோல அழுத்தி மூடித் திறக்கிறார்கள், நீண்டுகொண்டே போகிறது. சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் பாதிகூட இல்லை. ஐயாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை: நன்னூல் வெறுமனே இமை என்று விடாமல் "இயல்பெழும் மாந்தர் இமைநொடி மாத்திரை" என்கிறதாம், அந்த 'இயல்பெழும்' எதற்கு என்று இன்றுதான் பையன்களுக்குப் புரிய வைக்க முடிந்தது என்றார். நிபந்தனையைச் சொல்லாத அளவை அளவே இல்லை என்று நான் தொண்டை கிழியக் கத்துவதும் இதைத்தான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

போன வாரம் பத்தாம் வகுப்பை ஸ்பெஷல் கிளாஸுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எதுவும் நடக்கவில்லை. இன்று ஆடாசிட்டி. இலவச மென்பொருள், லேபின் பழைய கணினியிலும் ஓடுகிறது. பேசினால் அலை வடிவம் திரையில் வருகிறது, வேண்டிய துண்டை மவுசால் தேர்ந்தெடுத்தால் அதன் கால அளவு கீழே தெரியும்.

குறில், நெடில் சுலபமாக முடிந்தது. 'பல்', 'பால்' என்று மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தோம். வேகமாகப் பேசுபவனின் நெடிலும் நிதானமாகப் பேசுபவளின் குறிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததில் கொஞ்ச நேரம் குழப்பம், ஆனால் ஒருவருடைய குறிலை அவருடைய நெடிலோடு மட்டும் ஒப்பிட்டால் இரண்டு மடங்கும் அதற்குக் கொஞ்சம் மேலேயும் வருகிறது. சாதாரணப் பேச்சில் குறில் இமைப்பொழுதைவிடக் குறைவாக இருக்கிறதே என்று ஒருத்தி மடக்கினாள். விகிதம்தான் முக்கியம் என்று நானும் ஐயாவும் ஒரே நேரத்தில் சொன்னோம், அவள் முழுதாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

சிக்கல் குற்றியலுகரத்தில்தான், அதாவது சொல்லின் கடைசியில் தன் அளவில் குறைந்து ஒலிக்கும் உகரத்தில். 'பசு'வில் இருக்கும் உகரத்துக்கு ஒரு மாத்திரை, 'காது'வில் இருப்பதற்கு அரை. சொல்லைத் தனியாகச் சொன்னால் எல்லோரும் கடைசியில் இழுக்கிறார்கள். அதனால் ஒரு வாக்கியத்துக்குள் வைக்கச் சொன்னேன்: "நான் காது என்றேன்", "நான் பசு என்றேன்." பதிவு செய்து பெரிதாக்கிப் பார்த்தால் 'காது'வில் உகரத்தையே காணோம்! த்-க்குப் பிறகு நேரே எகரம். 'பசு'வில் உகரம் அப்படியே இருக்க, நடுவில் வகரம் மாதிரி ஒன்று நுழைந்திருந்தது. பையன்கள் பதிவு கெட்டுவிட்டது என்று அழிக்கப் போனார்கள். "அழிக்காதே!" என்று ஐயா போட்ட சத்தத்தில் அடுத்த வகுப்பு எட்டிப் பார்த்தது. "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும், ஓடிப்போச்சு பாரு, திரையில ஓடிப்போச்சு பாரு!" பின்னால் உயிரெழுத்து வந்தால் குற்றியலுகரம் மெய்யை விட்டு ஓடிவிடும் என்கிற நூற்பா அது. காதென்றேன், பசுவென்றேன். யாரும் விதியை நினைத்துக்கொண்டு பேசவில்லை, வாய் தானாகச் செய்திருக்கிறது.

சரி, அடுத்த சொல் மெய்யில் தொடங்க வேண்டும். "காது தெரியும்", "பசு தெரியும்" என்று மாற்றினோம். மணி அடித்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அளந்தோம். எல்லோரிடமும் 'காது'வின் உகரம் குறைவு, ஆனால் சரிபாதி என்று யாரிடமும் வரவில்லை. அலையில் உயிர் எங்கே முடிகிறது என்று கோடு போடுவதிலேயே ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள் என்பதால், ஒரே பதிவை மூன்று பேர் தனித்தனியாக அளக்க வைத்துச் சராசரி எடுக்கிறோம்.

நீளத்தைவிட நல்ல விஷயத்தைக் கண்டுபிடித்தவன் கணினிப் பக்கமே வராத ஒரு பையன். பதிவு செய்பவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், 'பசு'வுக்கு உதடு குவிகிறது, 'காது'வுக்குக் குவியவில்லை என்றான். எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக் காது, பசு, காது, பசு என்று சொல்லிக்கொண்டிருந்த காட்சியை எச்.எம். பார்க்காமல் இருந்தது என் நல்ல நேரம். உகரத்துக்கு இதழ் குவியும் என்றுதான் தொல்காப்பியம் பிறப்பியலில் இருக்கிறது. அப்படியானால் இது அளவில் மட்டும் குறைந்த உகரமா, ஒலியே வேறா? ஐயா பதில் சொல்லவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கண்காட்சிக்குச் சார்ட் கேட்டு சுற்றறிக்கை வந்துவிட்டது, மன்றத்துக்கு ஒன்றாம். இரண்டு மன்றத்துக்கும் சேர்த்து ஒரே மேசை போதும், சார்ட் வேண்டாம், மைக்கும் கணினியும் வைத்து வருகிறவர்களையே பேச வைப்போம் என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். இது எந்த மன்றத்தின் கணக்கில் வரும், பரிசு யாருக்கு என்று மேலே கேட்கிறார்கள். அதை நானும் ஐயாவும் திங்கட்கிழமை போய்ப் பேசிக்கொள்கிறோம். அறை தயாராகிவிட்டது, ஆனால் இலக்கிய மன்றம் இன்னும் சாவி வாங்கவில்லை. அடுத்த வாரம் ஐகாரக்குறுக்கம், ஐகாரம் தன் இரண்டு மாத்திரையிலிருந்து குறைந்து ஒலிப்பது. 'மைனா', 'தலைவன்', 'மலை' என்று சொற்பட்டியலை ஒன்பதாம் வகுப்பு தயார் செய்கிறது.