வெள்ளம் வடிந்த அரசலாற்றில் இறகுத் தூண்டில்

கார்த்திகை வெள்ளம் வடிந்த நான்காம் நாள், காரைக்கால் நகரின் ஊடாகக் கடலுக்குப் போகும் அரசலாற்றின் கரையில் இறகு கட்டிய பொய்யிரையுடன் நின்றிருந்தேன். ஆகாயத்தாமரைத் திட்டுகள் கடலை நோக்கி மிதந்து செல்ல, அடியில் இறங்கிய என் தூண்டில் நரம்பு மட்டும் ஊர்ப்பக்கம் இழுபட்டது. ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறும்போது கனமான உப்புநீர் மழைநீருக்கு அடியில் நுழைவதே இதற்குக் காரணம்.

கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சேரும் கோட்டில், வயல் வடிகால்களிலிருந்து அடித்து வரப்படும் மீன்குஞ்சுகளுக்காகக் கொடுவா மீன் காத்திருக்கும். கலங்கலில் கறுப்பு நிழலே எடுப்பாகத் தெரியும் என்பதால், கருஞ்சேவலின் கழுத்திறகைக் கட்டியிருந்தேன். (ஊர்ச் சாக்கடையும் இதில்தான் கலக்கிறது, காலில் கீறல் இருந்தால் இறங்கக் கூடாது.)

முதல் வீச்சிலேயே தூண்டில் பின்னாலிருந்த கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டது. அருகில் வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர், "ஏன் தம்பி, மீனுக்குக் கோழியா போடுறீங்க?" என்று சிரித்தார்.

வெயில் ஏறியபின் பாலத்தூணின் நிழலோரம் ஒரே ஓர் இழுப்பு. வெள்ளி விலா ஒருமுறை புரண்டு மின்னியதைக் கண்டேன். அடுத்த நொடி நரம்பு தளர்ந்தது. கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்திபோல் கூர்மையானது. அதில் அறுபடாதபடி நரம்பின் நுனியில் தடித்த முன்நரம்பு கட்டாதது என் சோம்பல்தான். பெரியவரிடம் மடவை மீன் இரண்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.