காட்பாடியில் சரக்கு வண்டி பார்க்க

காட்பாடி லூப் லைனில், அதாவது மெயின் லைனை விட்டு வண்டி ஒதுங்கி நிற்கும் பாதையில், நிலக்கரி ரேக் (வேகன் வரிசை) ஒன்று நிற்கிறது. சிக்னல் பச்சை. ஆனாலும் வண்டி நகரவில்லை.

காரணம் பெரும்பாலும் பிரேக் காற்றுதான். என்ஜின் மாட்டியதும் வேகன்கள் நெடுகப் போகும் பிரேக் பைப்பில் சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தம் ஏற வேண்டும். ஐம்பது வேகனுக்கு மேல் நீளம், காற்று கடைசிவரை போய்ச் சேர நேரமாகும். நடுவில் ஒரு ஆங்கிள் காக் (அந்தப் பைப்பைத் திறந்து மூடும் வால்வு) மூடிக் கிடந்தால் அதற்குப் பின்னால் உள்ள வேகன்களில் லோகோ பைலட் பிரேக் போட்டாலும் பிடிக்காது. அதனால்தான் கடைசியில் இருக்கும் கார்டும் தன் கேஜைப் (அழுத்தமானி) பார்த்து, காற்று வந்துவிட்டதா என்று சொல்கிறார். 2022 முதல் அவர் பெயர் டிரெயின் மேனேஜர், வாய்க்கு இன்னும் கார்டுதான்.

நிற்கும் நேரத்தில் வேகன் பக்கவாட்டைப் படியுங்க. 11 இலக்க எண். முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வே, அதற்கடுத்த இரண்டு செய்த வருஷம். துருவைப் பார்த்து வயசு சொல்பவர்கள் அங்கேதான் தோற்பார்கள்.

தரையோரம் இருக்கும் குட்டி ஷண்ட் சிக்னலில் இரண்டு வெள்ளை விளக்கு. படுக்கையாக எரிந்தால் நில். சாய்வாக எரிந்தால் ஷண்டிங் (ஸ்டேஷனுக்குள் வண்டியைப் பாதை மாற்றி நகர்த்துவது) தொடங்கப் போகிறது, கேமராவை எடுக்கலாம்.

என்ஜின் பிரியர்களுக்கு அரக்கோணம். மின்சார லோகோ ஷெட் (என்ஜின்களைப் பராமரிக்கும் இடம்) ஒன்று அங்கே இருக்கிறது. சேலம், பெங்களூரு பாதைகள் பிரிவதைப் பார்க்க ஜோலார்பேட்டை.

பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரம்தான் செல்லும். தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை ஜெயிலும் உண்டு. நடைமேம்பாலத்திலிருந்தே எல்லாம் தெரியும்.