காமன் கூத்து லைவும் ஒரு காப்புரிமைத் தகராறும்

கொஞ்ச வருடமாகத் தமிழ் சினிமாவில் ஒரு வழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. படம் புதுசு, ஆட்கள் புதுசு, ஆனால் தியேட்டரில் விசில் பறக்கிற இடத்தில் வருவது முப்பது வருடத்துக்கு முந்திய பாட்டு. 2022இல் 'விக்ரம்' வந்ததும் 1995 'அசுரன்' படத்து 'சக்கு சக்கு வத்திக்குச்சி' கிளம்பியது. 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்', அதுவும் மலையாளப் படம், 'குணா'வின் 'கண்மணி அன்போடு காதல'னை மறுபடி எல்லார் வாயிலும் போட்டது. அதே வருடம் 'லப்பர் பந்து'வில் விஜயகாந்தின் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்'. 2025இல் 'டியூட்' புண்ணியத்தில் 'கருத்த மச்சான்', அது 1991இல் 'புது நெல்லு புது நாத்து'க்காக இளையராஜா போட்டது.

ரீல்ஸில் இதையெல்லாம் ஏதோ புதையல் கிடைத்த மாதிரிப் பேசுகிறார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் இருக்கிற எங்களுக்கு அது கொஞ்சம் வேடிக்கைதான், இந்தப் பாட்டெல்லாம் எங்களை விட்டுப் போயிருந்தால்தானே திரும்பி வருவதற்கு. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற தனியார் பஸ்ஸில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். டிரைவர் தலைக்கு மேலே சின்னத் திரை, பின் சீட்டுக்குக் கீழே பேஸ் பெட்டி, நோர்வூட் தாண்டி வளைவுகளில் பஸ் சாயும்போது உள்ளங்கால் அதிரும். அந்தப் பென்ரைவில் அனிருத் பாட்டு முடிந்தால் ராமராஜன் பாட்டு, அது முடிந்தால் ஒரு சிங்கள பைலா, பிறகு திரும்பவும் அனிருத். எது பழசு எது புதுசு என்று யாரும் கேட்பதில்லை. 'கருத்த மச்சான்' ஆட்டத்தை அம்மாவிடம் போனில் காட்டினால், "இதத்தான் திருவிழாவுக்குத் திருவிழா கோயில் ஸ்பீக்கர்ல போட்டாய்ங்களே, இப்ப என்ன புதுசா?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பாட்டு அப்படியென்றால், புதுப் படம் எங்களுக்குப் பெரும்பாலும் ஓடிடியில்தான். 'மகாராஜா' 2024 ஜூன் 14 தியேட்டருக்கு வந்தது, ஜூலை 12 நெட்பிளிக்ஸில் இருந்தது. நாலே வாரம். நல்ல திரையில் பார்க்கக் கண்டிக்கோ கொழும்புக்கோ பஸ் ஏறுகிற செலவையும் நேரத்தையும் நினைத்தால், பேசாமல் அந்த நாலு வாரம் காத்திருந்து கொழும்பில் வேலை செய்கிற யாராவது ஒரு அண்ணனுடைய கணக்கில் பார்த்துவிடுவதுதான் இங்கே நடக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடிப் பாடுவது. இப்போதெல்லாம் பையன்கள் அதை லைவ் போடுகிறார்கள். கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளைகள், கட்டாரில் இருக்கிறவர்கள், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி நீலகிரிப் பக்கம் போய்விட்ட சொந்தங்கள், எல்லாரும் விடிய விடிய போனில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எந்த வெப் சீரிஸுக்கும் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இவ்வளவு கூட்டம் கிடையாது. ஆனால் சத்தம்தான் பிரச்சினை. கவ்வாத்து வெட்டின மிலாறை, அதாவது தேயிலைச் செடியின் காய்ந்த கிளைகளைப் போட்டுத் தீ மூட்டி, தப்பு மேளத்தைக் காய்ச்சி எடுத்து ஓங்கி அடித்தால், போன் பயந்துபோய்த் தானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கடுத்து கூத்தைப் பழக்கி நடத்துகிற மாஸ்டர் பாடுகிற பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல்தான் கேட்கும்.

அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். போன மாசியில் மன்மதன் எரிந்து ரதி புலம்புகிற இடம், கூத்தின் உயிரே அதுதான், அந்த நேரம் பார்த்து மேலே கோயிலில் யாரோ சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். கூத்து நடக்கிற காமன் பொட்டல் வரைக்கும் லேசாகத்தான் கேட்டது. மறுநாள் பதிவைத் திறந்தால் அந்தத் துண்டு முழுக்கச் சத்தமில்லை, லைவ் போட்ட தளத்தின் இயந்திரம் அந்தச் சினிமாப் பாட்டைக் கண்டுபிடித்து அணைத்துவிட்டது, காப்புரிமையாம். ரதி வேஷம் கட்டின தம்பி மார்பில் அடித்துக்கொண்டு வாயசைக்கிறான், ஒன்றும் கேட்கவில்லை. கோத்தகிரிச் சித்தப்பா வட்ஸ்அப்பில், "என்னடா, ரதி அழுவுற எடத்துல சத்தமே வரல?" என்று கேட்டு அனுப்பியிருந்தார்.

கோபம் வந்தது, ஆனால் காப்புரிமையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 'குட் பேட் அக்லி'யில் அனுமதி வாங்காமல் தன் பாட்டுகளை எடுத்தார்கள் என்று இளையராஜா வழக்குப் போட்டு, 2025 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, படம் நெட்பிளிக்ஸிலிருந்து இறங்கியதே, அதில் நான் ராஜா பக்கம்தான். பழைய பாட்டை வைத்து விசில் வாங்குகிறவர்கள் கேட்டுவிட்டு வாங்கட்டும், கோடிக்கணக்கில் செலவழித்துப் படம் எடுக்கிறவர்களுக்கு அது ஒரு செலவா? எனக்கு உறுத்துவது, சினிமாப் பாட்டுக்குக் காவல் நிற்கிற அந்த இயந்திரத்துக்குக் கூத்துப் பாட்டு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. மாஸ்டரின் பாட்டு அவர் வாயிலும் ஒரு கிழிந்த கொப்பியிலும் (நோட்டுப் புத்தகம்)தான் இருக்கிறது. ஒழுங்கான ஒலிப்பதிவு ஒன்றுகூடக் கிடையாது.

2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு வந்தபோது இங்கே பஸ்ஸெல்லாம் அதுதான். அதில் பாடிய அறிவு என்கிற பாடகரின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு இந்தியா திரும்பியவர் என்று தெரிந்த பிறகு எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் நெருக்கமாகிவிட்டது. எங்கள் பாட்டிகள் பட்ட பாடு உலகம் முழுக்கக் கேட்டதில் எனக்கும் பெருமைதான். ஆனாலும் ஒரு ஆதங்கம் இருக்கிறது, கடல் தாண்டிப் போன பாட்டியின் பேரன் பாடித்தான் அது கேட்க வேண்டியிருந்தது, இங்கேயே இருக்கிற மாஸ்டரை நாங்களே இன்னும் ஒழுங்காகப் பதிந்து வைக்கவில்லை.

அதனால் வருகிற மாசிக்கு லைவ் மட்டும் போதாது என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். மாஸ்டரின் மைக்கிலிருந்து வருகிற சத்தத்தை மிக்ஸரிலிருந்து ஒரு வயர் இழுத்து நேராகப் போனுக்குக் கொடுத்துவிட்டால் தப்புக்கும் குரலுக்கும் சண்டை வராது. ஹட்டன் டவுனில் அந்த வயரை விசாரித்தேன், விலை பரவாயில்லை. மாஸ்டரும் சரி என்றுவிட்டார், முதலில் கொப்பியைப் படமெடுக்கச் சொன்னார். கூத்து நடக்கிற இரவு மட்டும் கோயில் ஸ்பீக்கரை அணைத்து வைக்கக் கமிட்டிக்காரர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் இப்போது பெரிய பாடு.