அடுப்பூதிய வாய்

அம்மாவுக்கு 71 வயது. வாழ்நாளில் ஒரு சுருட்டைக்கூடத் தொட்டதில்லை. ஒரு தனியார் கிளினிக்கில் பத்து வருடமாக 'முட்டு வருத்தம்', அதாவது ஆஸ்துமா என்றுதான் மருந்து எழுதித் தந்தார்கள். போன வருடம் வேறொரு டொக்டர் குழாயில் ஊத வைத்துப் பார்த்துவிட்டு, இது சுவாசக் குழாய்களில் நாட்பட்ட அடைப்பு என்றார். "வீட்டில் ஆர் புகை பிடிக்கிறது?" ஒருவருமில்லை. "என்ன அடுப்பு?" என்றதும் அம்மா சிரித்துவிட்டார்.

1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது, கிடைத்த மண்ணெண்ணெய் ஜாம் போத்தல் விளக்குக்கே காணாது. குசினியில் எரிந்ததெல்லாம் பனை மட்டை, கொக்கரை, பன்னாடை. மாரியில் எல்லாமே ஈரம். அம்மா குழலால் ஊதி ஊதித்தான் எங்களுக்குப் புட்டு அவிந்தது.

மூச்சுப் பயிற்சிக்குப் போன முதல் நாள், என் மகள் வயதுப் பிள்ளை ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள்: "மூக்காலை மெல்ல இழுங்கோ அம்மா. பிறகு விசிலடிக்கிற மாதிரி வாயைக் குவிச்சு விடுங்கோ." அம்மா ஊதிய வேகத்தில் மேசையில் கிடந்த கடதாசித் துண்டு பறந்து போய் விழுந்தது. "ஐயோ, அடுப்பு மூட்ட வேண்டாம் அம்மா! விளக்குச் சுடர் ஆட வேணும், நூரக் கூடாது."

நாங்கள் அதுவரை செய்த பிழையும் இதுதான். அம்மாவுக்கு இளைக்கும்போதெல்லாம் "நல்லா இழுங்கோ, நல்லா இழுங்கோ" என்று சுற்றி நின்று கத்துவோம். இழுப்பதில் அல்ல, விடுவதில்தான் சிக்கல். பழுதான சிறு குழாய்கள் மூச்சு விடும்போது சுருங்கி மூடிக்கொள்கின்றன; பழைய காற்று உள்ளே தங்கிவிடுகிறது. நெஞ்சு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் புதுக் காற்று எங்கே போகும்? உதட்டைக் குவித்து விட்டால், உள்ளே உண்டாகும் சிறு அழுத்தம் குழாய்களைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்திருக்கிறது. அப்போது காற்று வெளியேறுகிறது. கெட்டுப்போன சுவாசப்பை இதனால் திருந்தாது, அதையும் அந்தப் பிள்ளை ஒளிக்காமல் சொன்னாள்.

இழுக்க 2 எண்ணிக்கை, விட 4. அம்மாவுக்கு எண்ணுவது சரிவரவில்லை. தானே ஒன்று கண்டுபிடித்தார்: ஒரு முருகாவுக்கு இழுப்பது, இரண்டு முருகாவுக்கு விடுவது. நல்லூர்த் திருவிழாவுக்கும் அப்படியேதான் நடந்து வந்தார், இடையில் மூன்று தரம் நின்று.

வயிற்றில் கை வைத்து மூச்செடுக்கும் பயிற்சி மட்டும் ஒத்துவரவில்லை, இளைப்புக் கூடியது. விட்டுவிடச் சொன்னார்கள். எல்லாருக்கும் அது பொருந்தாதாம். யூடியூபைப் பார்த்துத் தாங்களாகச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

பெரிய உதவி வேறிரண்டு. இளைப்பு வந்தால் படுக்காமல், கதிரையில் இருந்து முன்னால் குனிந்து மேசையில் வைத்த தலையணையில் கைகளை ஊன்றுவது. வாளி தூக்கும்போது மூச்சை அடக்காமல், தூக்குகிற நேரத்தில் வெளியே விடுவது. முன்பு உடுப்பு வாளியோடு கிணற்றடியிலேயே குந்திவிடுவார்.

இந்தத் தைப்பொங்கலுக்கு அவருடைய கதிரையைப் புகை வராத பக்கமாக, வேப்பமரத்தடிக்குத் தள்ளிப் போட்டேன். முற்றத்தில் அடுப்பு எரியவில்லை. "ஈர மட்டையை வெளியில எடு தம்பி" என்று அங்கிருந்தே சத்தம். பிறகு பொறுக்க முடியாமல் எழும்பி வந்து குழலைத் தேடினார். அதை என் மனைவி முதல் நாளே ஒளித்து வைத்துவிட்டாள்.