கொலைக் கேஸில் எப்படி பெயில் கொடுத்தார்கள்?

நாகர்கோவில் கோர்ட்டில் கிரிமினல் பக்கம் வேலை பார்க்கிற எல்லோரும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்போம். டீக்கடையில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர் கேட்கும்போதுதான் பதில் சொல்வது கஷ்டம். திருவட்டார் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, அவன் வெளிய வந்தாச்சு. அப்போ எம்பிள்ள உசுருக்கு ஒரு விலையும் இல்லியா?" என்று கேட்டார். அந்தக் கேஸில் நான் எந்தப் பக்கமும் இல்லை. கறுப்புக் கோட்டைப் பார்த்துக் கேட்டார். அவரை உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பெயில் மனுவில் ஜட்ஜ் "இவன் கொன்றானா" என்று தீர்மானிப்பதில்லை. அதற்கு ட்ரையல் இருக்கிறது, சாட்சிகள் கூண்டில் ஏற வேண்டும், குறுக்கு விசாரணை நடக்க வேண்டும். மனுவில் பார்ப்பது, கேஸ் முடியும்வரை இந்த ஆளை உள்ளே வைத்திருக்க வேண்டுமா என்பதை. ஓடிவிடுவானா? சாட்சியை மிரட்டுவானா? வந்து மறுபடி வெட்டுவானா? குற்றத்தின் கொடூரமும் ஆதாரத்தின் பலமும் மேலோட்டமாகக் கணக்கில் வரும். ஆனால் பெயில் கிடைத்துவிட்டதால் ஒருவன் நிரபராதி ஆகிவிடுவதும் இல்லை, கிடைக்காததால் குற்றவாளி ஆகிவிடுவதும் இல்லை.

மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கக்கூடிய கேஸில், நம்பத்தகுந்த முகாந்திரம் இருந்தால் மாஜிஸ்திரேட் பெயில் கொடுக்க முடியாது. பெண்கள், சிறுவர்கள், நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் குழித்துறையில் ரிமாண்ட் ஆனாலும் மனு நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வரும். அங்கே தள்ளுபடியானால் மதுரை ஐகோர்ட் கிளை. 2024 ஜூலை 1 முதல் இதற்கான பிரிவு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 483. நாங்கள் பாதிப் பேர் இன்னும் பழக்கத்தில் பழைய சட்டத்தின் 439 என்றுதான் சொல்கிறோம்.

கொலைக் கேஸ் என்றாலும் வாதம் பல நாள் பத்து நிமிஷம்கூட நீடிக்காது. ஸ்டேஷனிலிருந்து வந்த சிடி ஃபைல், அதாவது போலீஸின் விசாரணைக் குறிப்பு, அரசு வக்கீல் கையில் இருக்கும். ஜட்ஜ் கேட்பார், அவர் பதில் சொல்வார். "எத்தனை நாள் கஸ்டடி?" "67 நாள்." "முன்கேஸ்?" "ஒரு அடிதடி உண்டு." "ஆயுதம் ரெக்கவரி ஆயாச்சா? சாட்சிகளை விசாரிச்சாச்சா?" "ஆச்சு, கெமிக்கல் ரிப்போர்ட் மட்டும் பாக்கி." அப்புறம் வரும் கேள்விதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும்: "இந்த ஆள் எத்தனையாவது அக்யூஸ்ட்? வெட்டினவனா, கூட நின்னவனா?" கூட நின்ற ஐந்தாவது ஆளுக்குக் கிடைத்து, முதல் ஆளுக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் "ஓடிவிடுவான்" என்ற வாதத்துக்குத் தனிக் கனம் உண்டு. களியக்காவிளையில் பஸ் ஏறினால் கேரளா. வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருக்கும் ஊர்களும் உண்டு. ஆகவே பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஊரில் பகை இருந்தால் திருநெல்வேலியிலோ மதுரையிலோ தங்கி, தினமும் காலை பத்தரைக்கு அங்குள்ள ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். செத்தவர் வீட்டு வாசலில் அவன் நடமாடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த நிபந்தனை. அது சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் தூத்தூர் மீனவர் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். தினக் கையெழுத்து என்றால் அந்தக் குடும்பத்துக்கு வருமானமே நின்றுபோகும். நிபந்தனையைத் தளர்த்த மனு போட்டால், சில வாரம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டானா என்று பார்த்துவிட்டுத் தளர்த்துவார்கள்.

கொலையைவிட கஞ்சாவில் பெயில் கஷ்டம் என்றால் பலர் நம்புவதில்லை. 20 கிலோவுக்கு மேல் பிடிபட்டால், இவன் குற்றம் செய்யவில்லை என்று நம்ப முகாந்திரம் இருப்பதாகவும், வெளியே வந்து வேறு குற்றம் செய்யமாட்டான் என்றும் கோர்ட்டே திருப்தியடைய வேண்டும். மனுவிலேயே பாதி ட்ரையலை ஜெயிக்கச் சொல்கிற சட்டம் அது.

பாதிக்கப்பட்டவர்களுக்கும் இங்கே குரல் உண்டு. பெயில் விசாரணையில் அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2022-இல், உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது காரை ஏற்றிய லக்கிம்பூர் கேரி வழக்கில் தெளிவாகச் சொன்னது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் கேஸ்களில் அவர்களுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்தாக வேண்டும். பெயிலில் வந்தவன் மிரட்டினால், தேதியும் சாட்சியும் எழுதி உடனே ஸ்டேஷனில் மனு கொடுத்து, அரசு வக்கீலையும் பாருங்கள். பெயிலை ரத்து செய்ய அதுவே வலுவான காரணம்.

பெயில் கிடைக்க இன்னொரு வழியும் இருக்கிறது. கொலை போன்ற பெரிய கேஸில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால், குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் மனு போட்டவனுக்கு பெயில் உரிமையாகவே கிடைக்கும். குற்றம் எவ்வளவு கொடூரம் என்ற கேள்வியே அங்கே எழாது. ஊர் ஜட்ஜைத் திட்டும், ஆனால் கேட்க வேண்டியது விசாரணையை இழுத்தவர்களை.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. ஆர்டர் கிடைத்தும் உள்ளேயே கிடக்கிறவர்கள். இரண்டு நபர் ஜாமீன் கேட்பார்கள், அதாவது இவனுக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட இரண்டு பேர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்து, மற்றவர் ரப்பரில் பால் வெட்டிப் பிழைக்கிறவனுக்கு, சொந்தப் பெயரில் வீட்டு வரி ரசீது உள்ள உறவு எங்கே இருக்கும்? கொலைக் கேஸ் என்றால் பக்கத்து வீட்டுக்காரரும் ஒதுங்கிக்கொள்வார். 1978-லேயே மோத்தி ராம் என்ற கொத்தனார் வழக்கில் இதை சுப்ரீம் கோர்ட் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். அண்ணன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஜாமீனை மறுத்திருந்தார்கள், பத்தாயிரம் ரூபாய்க்கு. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவாக்கியது: ஆர்டர் ஆகி ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைக் குறைப்பது பற்றிக் கோர்ட்டே யோசிக்கலாம்.

அதனால் மனு போடுகிற அன்றே இரண்டு பேரைப் பேசி வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் அவர்கள் பெயரில் இருக்க வேண்டும், எழுத்துப் பிழைகூட இல்லாமல். ஆள் கிடைக்கவில்லை என்றால் ஏழாவது நாள்வரை காத்திருக்காமல் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள். காவலில் இருக்கிறவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள், கொலைக் கேஸாக இருந்தாலும்.